கைப்பையை எடுத்தால் விலை இறங்கும்

அத்தியாயம் 14

போன வாரம் போக்குவரத்துக் காவலர் ஒருவர் காருக்குள் குனிந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். மனிதர் நிதானமாக எண்ணி முடித்துவிட்டார். ஐந்து பேர் உட்காரும் காரில் ஏழு தலை. அபராதச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு பேர் இறங்கினால்தான் வண்டி நகரலாம் என்றார்.

யார் இறங்குவது என்று யாரும் கேட்கவில்லை. அக்கா தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். சிரித்த முகமாகத்தான் இறங்கினாள். அந்தச் சிரிப்பைத்தான் அவள் தம்பி மனைவியால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை கடிந்து சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஆட்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். தம்பிக்குப் பல்செட் செய்யும் தொழில். மருத்துவர் அளவெடுத்து அனுப்பினால் இவர் மேல்வரிசை, கீழ்வரிசை எல்லாம் வார்த்துக் கொடுப்பார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே பல்செட்தான். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அங்கே எல்லாரும் பிசியோ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இவர்களுக்கு ஒரு பையன், ஒரு பெண். எட்டு மாதத்துக்கு முன்னால் இப்போது இருக்கும் வாடகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். கணவனை இழந்த அக்கா, தன் இரண்டு பெண்களோடும் நாலு பெட்டிகளோடும் வந்து சேர்ந்தது மூன்று மாதத்துக்கு முன்னால்.

புதன்கிழமை பிசியோ பட்டன் தைக்க ஊசி தேடி அக்காவின் தையல் டப்பாவைத் திறந்தாள். ஊசிக்கு அடியில் ஒரு பேப்பர் துண்டு இருந்தது. தனி அறை வாடகைக்கு, தாயும் இரண்டு பிள்ளைகளும் தங்கலாம், முன்பணம் திங்கட்கிழமைக்குள். அக்கா அதைச் சுற்றிக் கத்தரிக்கோலால் அவ்வளவு நேராக வெட்டியிருந்தாள். யூனிஃபார்ம் கம்பெனியில் துணி வெட்டுகிறவள் அல்லவா.

பிசியோ டப்பாவை மூடினாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழு பேர் உட்காருகிற வேன் வாங்கியாக வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டாள். பல்செட்டுக்கு ஏன் எதற்கு என்று தெரியாது. விலை பேச ஒரு வாய்ப்பு வருகிறதென்றால் காரணம் கேட்கிற ஆள் அவர் இல்லை.

அந்தக் குடும்பம் விலை பேசும் முறையைச் சொல்லியாக வேண்டும். பல்செட் வாய் திறக்காமல் பொருளையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிசியோ கொஞ்ச நேரம் பொறுத்து, கைப்பையைத் தோளில் மாட்டி, நமக்கு இது வேண்டாங்க, போயிடலாம் என்பாள். கடைக்காரர் ஒரு படி இறங்குவார். நிஜமாத்தான் சொல்றேன் என்பாள். இன்னொரு படி. ஃபிரிட்ஜ் இப்படித்தான் வந்தது. சோபாவுக்கு அவள் கண்ணீரே விட்டாள், அதில் முழுசாகக் கால்வாசி விலை குறைந்தது. ஏழெட்டு வருஷமாகக் கடை கடையாக ஏறி இறங்கித் தேறிய கலை அது. அக்காவுக்கு இந்த வாரம்தான் புதிதாக ஒரு வேலை கொடுத்தார்கள், குறை கண்டுபிடிப்பது. கோணல் தையலைப் பத்தடி தூரத்தில் இருந்தே பார்த்துவிடுகிறவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

வியாழக்கிழமை பார்த்த புது வேனின் மாதத் தவணையைக் கேட்டு பல்செட்டுக்கே வாய் அடைத்துப்போனது. வெள்ளிக்கிழமை பார்த்ததில் நனைந்த நாயின் வாடை. சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும், ஊர் எல்லையில் இருந்த பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நாற்பது ஐம்பது வண்டிகள் வரிசையாக நின்றன. கண்ணாடிகளில் விலை எழுதிய அட்டைகள். கடைசி வரிசையில், பக்கத்து வண்டிகளில் இருந்து இரண்டு வண்டி இடம் தள்ளி, ஒரு வெள்ளி நிற வேன் தனியாக நின்றது. முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் மூன்று. எட்டு வருஷப் பழசு என்றாலும் கீறல் இல்லை. அட்டையில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு டாலர். மற்ற இடங்களில் இதே வண்டிக்குப் பதினாறு சொன்னார்கள்.

சேல்ஸ்மேன் நாற்பது தாண்டிய மனிதர். பெயர், விலாசம், போன் நம்பர் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, சாவியை நீட்டினார். கை முழுசாக நீண்டிருந்தது, கால் வரவில்லை. கதவைத் திறந்து காட்டுவார், சீட்டைத் தட்டிக் காட்டுவார் என்று எதிர்பார்த்தால், ஆள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நீங்களே பாத்துக்குங்க சார் என்றார். நம் மேல் எவ்வளவு நம்பிக்கை பார் என்று பல்செட் மெச்சிக்கொண்டார்.

பிசியோ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்ததும் எழுந்தாள். குனிந்து இருக்கையைத் தடவிப் பார்த்தாள்.

அவள் தொழிலே உடம்பைப் படிப்பதுதான். ஒருவர் நடந்து வரும்போதே எந்த முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள். இருக்கையின் ஒரு பக்க விளிம்பு நசுங்கி உள்ளே போயிருந்தது. தலை சாய்க்கும் இடத்தில் நடுவில் தேயவில்லை, ஓரத்தில் தேய்ந்து நூல் தெரிந்தது. கன்னம் உரசி உரசித் தேய்ந்த தேய்மானம் அது. கண்ணாடியில் பின்னால் பார்ப்பவர்களுக்கு அப்படித் தேயாது. இடுப்பிலிருந்து முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தால்தான் தேயும். வருஷக்கணக்கில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்த மனிதர் பின்வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

"பிள்ளைங்க இருக்குற வீடா இருக்கும். சண்டை போட்டா திரும்பித்தானே பாக்கணும்" என்றார் பல்செட். அதுவும் சரிதான் என்றுதான் அவளுக்கும் பட்டது.

ஓட்டிப் பார்க்கவும் சேல்ஸ்மேன் கூட வரவில்லை. மூவருமாகக் கிளம்பினார்கள். பல்செட் ஓட்டினார். அக்கா நடுவரிசையில் உட்கார்ந்து கதவு ரப்பரைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் உட்கார்ந்த பிசியோ, வழிகாட்டும் திரை வேலை செய்கிறதா என்று பார்க்க, அதிலிருந்த பட்டன்களில் ஒன்றை அழுத்தினாள். அதில் வீடு என்று போட்டிருந்தது.

நேராகச் செல்லவும் என்றது ஒரு பெண் குரல்.

சரி, எங்கேதான் கூட்டிக்கொண்டு போகிறது பார்ப்போம் என்று பல்செட்டுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. குரல் சொன்னபடி திரும்பினார். மேம்பாலம் ஏறி இறங்கினார். பெட்ரோல் பங்க் வந்தது. பிள்ளைகள் நீச்சல் பழகும் குளம் வந்தது. அட, நம்ம பக்கம்தான் என்றார். மருந்துக் கடை முனையில் திரும்பச் சொன்னபோது அவர் பேச்சு குறைந்தது. அடுத்த திருப்பத்தில் நின்றுபோனது.

வேன் ஒரு வெளிர்நீல கேட்டின் முன்னால் நின்றது. நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது குரல்.

அவர்கள் வீடு அது. கொடியில் அக்காவின் பெண்களுடைய பள்ளிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

 எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பல்செட் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அந்த சேல்ஸ்மேன் சரியான எமகாதகன் என்றார். நாம் எழுதிக் கொடுத்த விலாசத்தை இதில் ஏற்றிவிட்டு, ஏறியதும் வீட்டுக்கே வந்து நிற்கிற மாதிரி செய்திருக்கிறான், வாங்குகிறவன் மனசு அங்கேயே விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அக்காவும் சிரித்தாள். பிசியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திரும்பி வந்ததும் மற்ற இருவரும் கண்ணாடி அறைக்குள் முதலாளியைப் பார்க்கப் போனார்கள். பிசியோ சாவியைக் கொடுக்கப் போனவள், சும்மா இருக்காமல் சேல்ஸ்மேனைப் பாராட்டினாள். எங்கள் விலாசத்தைத் திரையில் போட்டு வைத்தீர்களே, நல்ல யோசனை என்றாள்.

"எந்தத் திரையிலம்மா?"

அவள் சொன்னாள். அவர் சட்டைப் பையில் இருந்து அந்தத் தாளை எடுத்தார். நாலாக மடித்தது மடித்தபடி இருந்தது.

"நான் அந்த வண்டிக்குள்ள ஏறுறதே இல்லம்மா. தண்ணி அடிச்சுக் கழுவுறதுகூட வெளியில மட்டும்தான்."

அதற்கு மேல் அவர் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அவள் நகரவும் இல்லை. முதலாளி இருந்த அறையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். வண்டி இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. விற்க வந்தவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, கொடுப்பதைக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி வேண்டுமென்றே அடிமாட்டு விலை சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். அவர் மனைவியும் பிள்ளைகளும் அவ்வளவு நேரமும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார்கள், இந்தப் பக்கம் வரவே இல்லை.

"இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒத்த காசு பேரம் பேசாம வித்துட்டுப் போனவர் அவர் ஒருத்தர்தாம்மா."

பிசியோ அந்த வெளிர்நீல கேட்டை நினைத்தாள். அப்படியானால் அந்த மனிதரின் வீடுதான் இப்போது இவர்கள் வீடு. அவர் எதை விட்டுவிட்டு ஓடினாரோ அது இந்த வண்டியில் இருக்கிறது. இந்த வண்டியை வாங்கி அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதென்றால், துரத்தி விட்டதை வெற்றிலை பாக்கு வைத்து உள்ளே அழைக்கிற மாதிரி. அவள் கண்ணாடி அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

உள்ளே பேரம் சூடு பிடித்திருந்தது. முதலாளிக்கு எடுப்பான மேல்வரிசை. அது கட்டின பல் என்றும், தன் எதிரிக் கடையில் செய்தது என்றும், அரை மில்லிமீட்டர் பெரிசு என்றும் பல்செட் உள்ளே நுழைந்ததுமே கண்டுபிடித்திருந்தார். அதில் அவருக்கு ஒரு தெம்பு. வாயைத் திறக்காமல் முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தன் பங்குக்குத் தரைவிரிப்பு ஓரம், கதவு ரப்பர், பின்கதவின் பெயிண்ட் ஒரு சாயல் மாறியிருப்பது என்று அடுக்கி முடித்திருந்தாள். கால்குலேட்டரில் பதினோராயிரத்து எண்ணூறு நின்றது.

பிசியோ நாற்காலியில் கிடந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நமக்கு இந்த வண்டி வேண்டாங்க. போயிடலாம்."

பல்செட்டின் முகம் மலர்ந்தது. சரியான நேரத்தில் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். முதலாளி பதினொன்று என்றார்.

"நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள். சொன்ன பிறகுதான், ஃபிரிட்ஜ் கடையில் சொன்ன அதே வார்த்தை என்பது அவளுக்கு உறைத்தது. பத்தாயிரத்து ஐந்நூறு என்றார் முதலாளி. அவள் குரல் நடுங்கியது. கண் நிறைந்துவிட்டது. அது சோபாக் கடை. பத்து. வேறு வழி தெரியாமல் கணவர் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸ்கட்டியாக இருந்தது. அவர் அதைச் செல்லமாக அழுத்தி, பிரமாதம் என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

இத்தனை வருஷம் பொய்யாக வேண்டாம் சொல்லப் பழகியவர்கள், மெய்யாக வேண்டாம் சொல்ல ஒரு வார்த்தை மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. இருந்த வார்த்தையெல்லாம் கடைகளில் செலவாகியிருந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வண்டி மலிவாகிக்கொண்டே போனது. மலிவாக ஆக, அவர் அதை விடுவதாக இல்லை.

முதலாளி ஏன் இப்படி மளமளவென்று இறங்குகிறார் என்று பல்செட்டுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜெயிக்கிற மனுஷனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றுகிறது.

நடந்ததை அப்படியே போட்டு உடைத்துவிடுவது என்று பிசியோ வாயைத் திறந்தாள். அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா ஃபிரிட்ஜ் கடைக்கு வந்ததில்லை. சோபாக் கடையையும் பார்த்ததில்லை. நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. தம்பி மனைவிக்கு இந்த வேன் உண்மையாகவே வேண்டாம். வேன் யாருக்காக என்பதும் அக்காவுக்குத் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டாள்.

"அவளுக்கு வேண்டாம்னா விட்டுடுடா தம்பி" என்றாள் அக்கா. சிரித்த முகமாகத்தான் சொன்னாள். "எங்களுக்காக யாரும் வண்டி வாங்க வேண்டாம். நான் ஒரு ரூம் பாத்துட்டேன். திங்கக்கிழமை போயிடறோம்."

பல்செட் புளகாங்கிதம் அடைந்துவிட்டார். ஒரே வாரத்தில் அக்கா இவ்வளவு தேறிவிட்டாளே என்று பெருமையோடு முதலாளியைப் பார்த்தார். முதலாளி கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார்.

"ஒம்பது. உங்க பழைய காரையும் எடுத்துக்கறேன். இப்பவே ஓட்டிட்டுப் போயிடுங்க."

பிசியோ அக்காவைப் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு குடும்பத்தை நினைத்தாள். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. திங்கட்கிழமை அக்கா போய்விடுவாள் என்பது தெரியும். அந்தத் தனி அறையில், ஒரே ஜன்னலுக்குப் பக்கத்தில், இரண்டு பெண்களும் சத்தம் போடாமல் வீட்டுப்பாடம் எழுதுவது கண் முன்னால் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அதை யாருக்கும் காட்டவில்லை.

கைப்பையைத் தோளில் இருந்து கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. ஏழு பேரும் உக்காரலாம். எடுத்துக்கலாம் அண்ணி."

பல்செட் அவளை முறைத்தார். இன்னும் ஐந்நூறாவது கறந்திருக்கலாமே என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு. அக்கா பிசியோவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முதலாளி பேனாவை மூடியைக் கழற்றியே நீட்டினார். வெளியே சேல்ஸ்மேன், அவர்கள் போகும்வரை வேறொரு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு வேன் வெளிர்நீல கேட்டின் முன்னால் வந்து நின்றது. இந்த முறை திரையை யாரும் தொடவில்லை. ஹாரன் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் ஓடிவந்தார்கள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்று ஒரே ரகளை.

பல்செட் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை. பக்கத்தில் அக்கா. நடுவரிசையில் பிசியோவும் அவள் மகளும். பையனும் அக்காவின் பெரிய பெண்ணும் முண்டியடித்துப் பின்வரிசைக்குப் போய் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னவள் மட்டும் பாக்கி. ஐந்து வயசு. அவளுக்கென்று பின்வரிசையின் நடு இருக்கை காலியாக இருந்தது.

சின்னவள் படியில் ஒரு காலை வைத்தாள். உள்ளே பார்த்தாள். காலை எடுத்துக் கீழே வைத்துக்கொண்டாள்.

ஏறு குட்டி என்றார் மாமா.

"எனக்கு இடமில்ல அத்தை."

பல்செட் சிரித்தார். எண்ணிப் பாரு, ஏழு சீட் என்றார். சின்னவள் எண்ணவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பின்வரிசையில் ஜன்னலோரம் இருந்த இருவரும் கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். 

அக்கா முன்னாலிருந்து திரும்பினாள். காலி இருக்கையை அவள் பார்க்கவில்லை. தன் மகளைப் பார்த்தாள், பிறகு தம்பி மனைவியைப் பார்த்தாள். அவள் கை சீட் பெல்ட்டின் பூட்டைத் தேடிப் போனது.

அக்கா இறங்கிவிட்டால் மறுபடி ஏற மாட்டாள். பிசியோவுக்கு அது தெரியும்.

அவள் எழுந்தாள். சின்னவளை இரண்டு கையாலும் தூக்கித் தன் இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.  தலை இடிக்காமல் குனிந்து பின்வரிசைக்குப் போனாள். காலியாக இருந்த நடு இருக்கையின் முன்னால் நின்று, பஸ்ஸில் தெரியாதவர்களிடம் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

இரண்டு பக்கமும் இருந்த பிள்ளைகள் அசையவில்லை. ஆனால் அவள் உட்கார இடம் கிடைத்தது.